ஒரு மழைத்துளியை எவ்வளவு நேரம் பார்க்கலாம்?

மழை வந்தால் நாம் செய்யும் முதல் காரியம், கொடியில் கிடக்கும் துணியை அள்ளிக்கொண்டு வருவது. அடுத்தது சன்னலைச் சாத்துவது. அப்புறம் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அதற்குமேல் மழை நமக்கு வெறும் சத்தம். அதைப் பற்றி நம்மிடம் இருக்கும் கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: எப்போது விடும்?

நானும் இந்தக் கட்சிதான். ஒரு நாள் மதியம் நல்ல மழை. கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜும் இல்லை, படிக்கலாம் என்றால் வெளிச்சம் போதவில்லை. வேறு வழியில்லாமல் சன்னலோரம் உட்கார்ந்தேன். கண்ணாடியில் மிளகு அளவில் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தது. வழியவும் இல்லை, காயவும் இல்லை. பொழுது போகாமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். உள்ளே, எதிரிலிருந்த மரம் தலைகீழாக நின்றது. தூர் மேலே, கிளையெல்லாம் கீழே, வானம் அடியில் வெள்ளையாக. பக்கத்துத் துளியைப் பார்த்தேன். அதிலும் அதே மரம். கண்ணாடி முழுக்க நூற்றுக்கணக்கில் துளிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மரம்.

இத்தனை வருடம் இத்தனை மழை பார்த்தும் இது கண்ணில் படவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கண்ணாடியோடு ஒட்டிய பக்கம் தட்டையாகவும் வெளிப்பக்கம் புடைத்தும் இருப்பதால், துளி ஒரு குட்டிக் குவிலென்ஸாக வேலை செய்கிறது. மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி வளைந்து கீழே போகிறது, தூரிலிருந்து வருவது மேலே போகிறது. நம் கண்ணுக்குள்ளும் இதே கதைதான். விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழானதுதான். மூளைதான் அதை நேராகப் புரிந்துகொள்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு துளியைப் பார்ப்பது எனக்கு இன்னும் விசித்திரமாகிவிட்டது. கண்ணாடியில் தொங்கும் ஒரு சொட்டுத் தண்ணீரும் அதைப் பார்க்கும் என் கண்ணும் ஒரே வித்தையைச் செய்துகொண்டிருந்தன.

அந்த மதியம் எனக்கு நேர்ந்ததற்கு நான் வைத்திருக்கும் பெயர், அமைதியான வியப்பு. அதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

வியப்பு என்பது எதிலிருந்து வருகிறது?

உளவியலாளர்கள் வியப்பைத் தனியாக எடுத்து ஆராயத் தொடங்கி ரொம்ப நாள் ஆகவில்லை. 2003இல் டாக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வியப்பு உண்டாக இரண்டு விஷயம் வேண்டும் என்றார்கள். முதலாவது, நம்மைவிட மிகப் பெரிதான ஒன்று எதிரே இருக்க வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே நம் மண்டையில் இருக்கும் கணக்குக்குள் அது அடங்காமல், கணக்கையே மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை வர வேண்டும். மலை, கடல், நட்சத்திரம் நிறைந்த வானம் எல்லாம் இப்படித்தான் நம்மை வாயடைக்க வைக்கின்றன.

சரி, அப்படியானால் மிளகளவு துளி எப்படி வாயடைக்க வைத்தது? அதில் பெரிது என்று எதைச் சொல்வது?

இதற்குத் தமிழில் பழைய விடை ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்றாக மருட்கையைச் சொல்கிறது. மருட்கை என்றால் வியப்பு. அது நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்று பட்டியலும் போடுகிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமைக்குப் பக்கத்திலேயே சிறுமையும் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். இங்கே சிறுமை என்றால் இழிவு இல்லை, மிகச் சிறியதாக இருக்கும் தன்மை. ஆக்கம் என்பது ஒன்று இன்னொன்றாக ஆவது. பெரிதைப் பார்த்து வாய் பிளப்பது போலவே சிறிதைப் பார்த்தும் வாய் பிளக்கலாம் என்பதை அந்தக் காலத்திலேயே யாரோ உட்கார்ந்து கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

மலைமேல் நிற்கும்போது வரும் வியப்பு நம்மைத் தேடி வந்து அறையும். சிறியதைப் பார்த்து வரும் வியப்பு அப்படியில்லை, நாம்தான் கிட்டே போக வேண்டும். சத்தம் போடாது, தவறவிட்டால் தவறவிட்டதுகூடத் தெரியாது. அமைதியான வியப்பு என்று நான் சொல்வது இதைத்தான். என் அனுபவத்தில் அதற்கு வேண்டியது அழகான இடமோ தியானப் பயிற்சியோ இல்லை. ஒரு சிறிய பொருளை, 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்ற கேள்வி தானாக எழும்வரை பார்த்துக்கொண்டிருப்பது. அவ்வளவுதான். மழை மதியம் இதற்கு வசதி, ஏனென்றால் நம்மை வெளியே போகவிடாமல் ஓரிடத்தில் பிடித்து உட்கார வைத்துவிடுகிறது.

துளி கண்ணீர் வடிவத்தில் இல்லை

மழைத்துளியை வரையச் சொன்னால் எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைவோம். மேலே கூர், கீழே குண்டு. குழாய் நுனியிலிருந்து பிரியும் சொட்டுக்கு ஒரு நொடி அந்த வடிவம் இருக்கும், உண்மைதான். ஆனால் வானத்திலிருந்து விழும் துளி ஒருபோதும் அப்படி இருப்பதில்லை. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான துளி கிட்டத்தட்ட உருண்டை. தண்ணீரின் மேற்பரப்பு ஒரு தோல் மாதிரி உள்ளே இழுத்துப் பிடிப்பதால் அது பந்தாகிறது. துளி பெரிதாகப் பெரிதாகக் கீழிருந்து காற்று முட்டுகிறது. அடி தட்டையாகி, மேல்பக்கம் மட்டும் வளைந்து, கவிழ்த்து வைத்த கிண்ணம் போலாகிறது. ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டினால் நடுவில் குழிந்து குடை மாதிரி விரிந்து, சிதறிச் சின்னத் துளிகளாகிவிடும். எவ்வளவு பேய்மழை பெய்தாலும் எலுமிச்சம்பழம் அளவுக்குத் துளி விழாமல் இருப்பது இதனால்தான்.

அந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இன்னும் தலை சுற்றும். மேகத்தில் இருக்கும் நீர்த்திவலை ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். அந்தத் திவலையும் சும்மா உருவாகிவிடாது. தூசியோ, கடல் உப்பின் துணுக்கோ, புகையோ ஏதாவது ஒரு பொடி நடுவில் இருந்தால்தான் ஆவி அதன்மேல் படியும். இப்படிப்பட்ட பத்து லட்சம் திவலைகள் ஒன்றுசேர்ந்தால் இரண்டு மில்லிமீட்டரில் ஒரு மழைத்துளி. உங்கள் கை மேல் விழுந்து தெறிக்கும் ஒரே ஒரு சொட்டு, பத்து லட்சம் பேர் கூடிய கூட்டம்.

அது தரைக்கு வரும் வேகத்தையும் பார்ப்போம். இரண்டு மில்லிமீட்டர் துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. சைக்கிளைக் கொஞ்சம் வேகமாக மிதித்தால் வரும் வேகம். இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டால் தரையைத் தொட ஐந்து நிமிடம் ஆகும். காற்று மட்டும் தடுக்காவிட்டால் அதே துளி மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து தலையில் இறங்கும். நாம் மழையில் நனைவதை சுகம் என்று சொல்ல முடிவதே காற்றின் தயவால்தான்.

தூறல் என்கிறோமே, அதற்கு வானிலைத் துறையில் அளவே உண்டு: அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளிகள். அவை நொடிக்கு இரண்டு மீட்டர்கூட வருவதில்லை. அதனால்தான் தூறல் விழுவது போல் இல்லாமல் மிதப்பது போல் இருக்கிறது. காற்று போன பக்கம் போய் முகத்தில் ஒட்டுகிறது.

துளியின் அளவை வீட்டிலேயே அளக்கலாம். இந்த யோசனை வில்சன் பென்ட்லி என்பவருடையது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த விவசாயி. பனித்துகள்களை நுண்ணோக்கி வழியாகப் படமெடுத்துப் பேர் வாங்கியவர். மழைக்காலத்தில் அவர் கை சும்மா இருக்கவில்லை. ஒரு தட்டில் நைசான மாவைப் பரப்பி, மழையில் சில நொடி நீட்டி, உள்ளே எடுத்துவந்தார். ஒவ்வொரு துளியும் மாவில் விழுந்து ஒரு குட்டி உருண்டையாகத் திரண்டிருந்தது. காய்ந்ததும் அந்த உருண்டைகளை எடுத்து அளந்தார். அளவு தெரிந்த சொட்டுகளை மாவில் விட்டுப் பார்த்து, உருண்டையும் துளியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பதையும் சரிபார்த்துக்கொண்டார். 1904இல் இதை எழுதி வெளியிட்டார். ஆய்வுக்கூடம் இல்லை, பணம் இல்லை, ஒரு தட்டு மாவு. இந்த மனிதரை நினைத்தாலே எனக்குப் பிடிக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள். தட்டில் ஒரு விரற்கடை உயரம் மாவு. மழையில் மூன்று நொடி, அதற்குமேல் வேண்டாம், கூழாகிவிடும். இரண்டு மணி நேரம் காயவிட்டுச் சல்லடையில் சலித்தால் அன்றைய மழை உங்கள் உள்ளங்கையில் இருக்கும்.

வாசனை ஏன் முதல் தூறலில் மட்டும்?

மண்வாசனை என்று தமிழில் நாம் எப்போதோ பெயர் வைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் கிடைக்க 1964 வரை ஆயிற்று. இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் காய்ந்த பாறையையும் களிமண்ணையும் வடித்து, அதிலிருந்து மஞ்சள் நிற எண்ணெய் ஒன்றை எடுத்தார்கள். வெயில் காலத்தில் செடிகளிலிருந்து வந்து மண்ணிலும் கல்லிலும் படிந்த எண்ணெய்கள் அதில் இருந்தன. பெட்ரிகார் என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் பெட்ரா என்றால் கல். இகார் என்றால், அவர்கள் புராணத்தில், கடவுளரின் உடம்பில் ஓடும் திரவம். கல்லின் ரத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாசனையில் முக்கியமான சரக்கு ஜியோஸ்மின் என்ற பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள்தான் அதைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. நம் மூக்கு இந்த ஒரு விஷயத்தில் மகா கெட்டிக்காரன். லட்சம் கோடியில் ஐந்தாறு பங்கு இருந்தாலே போதும், கண்டுபிடித்துவிடும்.

பாக்டீரியா எதற்காக இப்படி மணக்க வேண்டும்? நமக்காக இல்லை என்பது நிச்சயம். 2020இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு விடை தந்தது. ஸ்பிரிங்டெயில் என்று மண்ணில் துள்ளித் திரியும் மிகச் சிறிய உயிரினம் ஒன்று உண்டு. அது இந்த மணத்தைத் தேடி வருகிறது, பாக்டீரியாவைத் தின்கிறது, போகும்போது அதன் விதைத்துகள்களை உடம்பில் ஒட்டிக்கொண்டு வேறிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பூவும் வண்டும் செய்யும் வியாபாரம் மாதிரி. நாம் மூச்சை இழுத்து 'ஆகா' என்று ரசிப்பது, வேறு யாருக்கோ எழுதிய அழைப்பிதழை.

சரி, அந்த வாசனை மண்ணிலிருந்து மூக்குக்கு எப்படி ஏறுகிறது? 2015இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருவர் அதிவேகக் கேமராவில் இதைப் படம்பிடித்தார்கள். துளி காய்ந்த மண்ணில் விழுந்ததும் மண்ணின் நுண்துளைகளில் இருந்த காற்றை அடியில் சிறைப்படுத்துகிறது. அந்தக் காற்று குமிழியாகித் துளிக்குள்ளேயே மேலே ஏறி, உச்சியில் வெடிக்கிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் மூக்கில் தெறிக்குமே, அதே மாதிரி. வெடிக்கும்போது மண்ணில் இருந்ததை நுண்ணிய சாரலாகக் காற்றில் வீசுகிறது. துளி மெதுவாக விழுந்தால்தான் இது நன்றாக நடக்கிறது; வேகமாக அறைந்தால் குமிழி உருவாக நேரமே இருப்பதில்லை. அதனால்தான் லேசாகப் பெய்யத் தொடங்கும்போது மணம் தூக்கலாக இருக்கிறது. மழை வலுத்ததும் 'வாசனை எங்கே போச்சு?' என்று தேட வேண்டியதாகிறது.

மண் நனைந்தால் கறுத்துப்போவதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். தண்ணீருக்கு நிறமே இல்லை, பிறகு எப்படி மண் இருட்டுகிறது? காய்ந்த மண்ணில் படும் ஒளி சீக்கிரமே சிதறித் திரும்பிவிடும். மண்துகள்களைத் தண்ணீர் மூடிக்கொண்டால், ஒளி இன்னும் உள்ளே போகிறது. வெளியே வரப் பார்ப்பதில் ஒரு பகுதியை நீர்ப்படலம் மறுபடி உள்ளேயே திருப்பிவிடுகிறது. உள்ளேயே சுற்றிச் சுற்றி மண்ணில் கரைந்துபோகும் ஒளிதான் நம் கண்ணுக்கு வராமல் போகும் ஒளி. சட்டையில் தண்ணீர் சிந்தினாலும் இதேதான்.

ஒரு பாத்திரம், ஒரு சொட்டு

கூரை ஓரத்திலிருந்து சொட்டும் இடத்தில் ஒரு பாத்திரம் வையுங்கள். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் 'டிளக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கும். துளி தண்ணீரை அறைவதால் வரும் சத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அறைவதில் ஏறக்குறையச் சத்தமே இல்லை.

துளி விழுந்ததும் தண்ணீரில் ஒரு பள்ளம் உண்டாகிறது. பள்ளம் மூடிக்கொள்ளும்போது அடியில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி மாட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழி அதிர்கிறது. அதோடு சேர்ந்து மேலே தண்ணீர்ப் பரப்பும் அதிர்ந்து, காதுக்குச் சத்தத்தைத் தள்ளுகிறது. 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அனுராக் அகர்வால் இதை விளக்கினார். நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது ஒழுகும் கூரையிலிருந்து சொட்டிய சத்தம் தூங்கவிடாமல் செய்ததில் பிறந்த ஆராய்ச்சி அது. ஒழுகும் வீட்டில் படுத்து எரிச்சல்படாதவர் கிடையாது. எரிச்சலோடு நின்றுவிடாமல் 'இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?' என்று கேட்டதுதான் அவர் செய்த வித்தியாசம்.

பாத்திரத்துத் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுக் கலக்கிப் பாருங்கள். துளி அதே உயரத்திலிருந்து அதே மாதிரி விழும், ஆனால் 'டிளக்' அடங்கிவிடும். நீர்ப்பரப்பின் இழுப்பு குறைந்ததும் குமிழி மாட்டுவதில்லை. முதல்முறை செய்தபோது எனக்கு நம்பிக்கை வராமல் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பவும் செய்தேன்.

தேங்கிய தண்ணீரில் விழும் துளிகளின் வளையங்களையும் ஐந்து நிமிடம் பார்க்கலாம். ஒரு வளையம் விரிந்து இன்னொன்றை முட்டுகிறது. முட்டி நிற்கவில்லை, உடையவில்லை. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்து, ஒன்றுமே நடக்காதது போல் தன் பாட்டுக்குப் போகிறது. இதற்குமேல் இதில் விளக்க ஒன்றும் இல்லை. பார்த்தால்தான் உண்டு.

தாமரை இலைத் தண்ணீர்

ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பவரைத் தாமரை இலைத் தண்ணீர் என்போம். பழமொழியாகத் தேய்ந்துபோனதால் அந்தக் காட்சியைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். தாமரைதான் வேண்டும் என்பதில்லை. சேம்பு இலையிலும் முட்டைக்கோஸ் இலையிலும் இதே வேடிக்கை நடக்கும்.

இலையின் பரப்பு வழவழப்பாக இருப்பதால் தண்ணீர் வழுக்கி ஓடுகிறது என்று தோன்றும். ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது நேர்மாறாக இருந்தது. இலை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், மேடுகளின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுத் துணுக்குகள். சொரசொரப்பான இலைதான் சுத்தமாக இருந்தது. துளி அந்த மேடுகளின் உச்சியில் மட்டும் தொட்டுக்கொண்டு, அடியில் காற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பந்தாகத் திரண்டு உருண்டோடுகிறது. போகிற வழியில் தூசியையும் அள்ளிக்கொள்கிறது. 1997இல் அவரும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிசும் இதை விரிவாக எழுதிய பிறகு, தானே சுத்தமாகும் சுவர்ப்பூச்சுகள்வரை இந்த யோசனை போயிருக்கிறது.

இலைமேல் நிற்கும் துளியைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அடிப்பகுதி வெள்ளி மாதிரி மின்னும். அந்த வெள்ளிதான் நான் சொன்ன காற்று. தண்ணீருக்கும் இலைக்கும் நடுவில் காற்றுப்படலம் இருப்பதால், சாய்வாக வரும் ஒளி அங்கே கண்ணாடியில் பட்டது போல் முழுவதுமாகத் திரும்புகிறது. விரலால் துளியை இலையோடு அழுத்தித் தேய்த்தால் அந்த இடத்தில் வெள்ளி போய்விடும்.

மழையில் கொசு என்ன செய்யும் என்று யாராவது குழந்தை கேட்டால் சொல்ல ஒரு விடையும் இருக்கிறது. துளி கொசுவைவிட ஐம்பது மடங்குவரை கனமானது. நம்மேல் ஒரு பேருந்து விழுவது போல. ஆனால் கொசு சாவதில்லை. 2012இல் டேவிட் ஹூவும் அவருடைய குழுவினரும் படமெடுத்துப் பார்த்தார்கள்: கொசு அவ்வளவு லேசாக இருப்பதால் துளிக்கு அதை அறைவதற்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. பஞ்சைக் குத்துவது போல. கொசு துளியோடு சேர்ந்து கொஞ்ச தூரம் கீழே வந்து, பக்கவாட்டில் நழுவி, மறுபடி பறந்துவிடுகிறது. தரைக்கு மிகக் கிட்டத்தில் பறந்தால்தான் ஆபத்து.

இதனால் என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ரேச்சல் கேப்ளன், ஸ்டீபன் கேப்ளன் என்ற உளவியலாளர் தம்பதி மனிதக் கவனத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வேலையில் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு செலுத்தும் கவனம் களைத்துப்போகும் ஒன்று. மேகம் நகர்வது, இலை அசைவது, நீர் ஓடுவது போன்றவை கவனத்தை மெல்லப் பிடித்துவைக்கும், ஆனால் அதைக் கசக்கிப் பிழிவதில்லை. அந்த நேரத்தில் களைத்த பகுதி ஓய்வெடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2020இல் வந்த ஓர் ஆய்வு. கலிஃபோர்னியாவில் வயதானவர்களை எட்டு வாரம், வாரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். ஒரு குழுவிடம் மட்டும், வியப்பூட்டுவதைத் தேடிக்கொண்டே நடங்கள் என்றார்கள். எல்லோரும் வழியில் செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். வாரங்கள் போகப் போக, வியப்பைத் தேடி நடந்தவர்களின் படங்களில் அவர்களின் உருவம் சிறிதாகிக்கொண்டே வந்தது. பின்னாலிருந்த மரமும் வானமும் கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொண்டன. சிரிப்பும் விரிந்திருந்தது. ஓரத்துக்கு ஒதுங்குங்கள் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆனால் இதை ஒரு மருந்து மாதிரி, நாளைக்கு இத்தனை நிமிடம் என்று விழுங்க எனக்கு இஷ்டமில்லை. பலனை எதிர்பார்த்து உட்கார்ந்தால் துளியைப் பார்க்க மாட்டோம், நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

காரணம் தெரிந்துவிட்டால் வியப்பு போய்விடாதா என்று சிலர் கேட்பார்கள். செப்பிடுவித்தைக்காரரின் ரகசியம் தெரிந்தால் சுவாரசியம் போவது உண்மை, ஏனென்றால் அங்கே ரகசியத்துக்குப் பின்னால் வேறெதுவும் இல்லை. மழையில் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னும் இரண்டு கதவு இருக்கிறது. வாசனைக்குக் காரணம் பாக்டீரியா என்றால், பாக்டீரியா ஏன் மணக்கிறது? துள்ளும் பூச்சிக்காக என்றால், நம் மூக்குக்கு ஏன் அது இவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது?

நடைமுறையில் சில விஷயங்கள். முதல் பத்து நிமிடம் சலிப்பாகத்தான் இருக்கும். கை தானாகப் போனைத் தேடும். அதை வேறு அறையில் வைத்துவிடுவது நல்லது; படமெடுக்கலாம் என்ற ஆசைகூட வேண்டாம், எடுத்ததும் பார்ப்பது நின்றுவிடுகிறது. எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ஒரு சன்னல், ஒரு இலை, ஒரு குட்டை, ஏதாவது ஒன்று போதும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் காட்டும் பக்கம் பாருங்கள், அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை. மின்னல் இருந்தால் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று நொடி இருந்தால் அது ஒரு கிலோமீட்டரில் விழுந்திருக்கிறது என்று கணக்கு. முப்பது நொடிக்குள் இடி கேட்டாலே வெளியில் நிற்பது ஆபத்து. மரத்தடி இன்னும் மோசம்.

மழை சாயங்காலம் வெளுக்கும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வானவில் தோன்றினால் அந்தப் பக்கத்தில்தான் தோன்றும். உங்கள் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து 42 பாகை தள்ளி அது வளைந்திருக்கும். அதனால்தான் உச்சி வெயில் நேரத்தில் தரையில் நிற்பவருக்கு வானவில் தெரிவதில்லை. பக்கத்தில் நிற்பவர் பார்ப்பது உங்கள் வானவில் இல்லை. அவர் கண்ணுக்கு ஒளியை அனுப்புவது வேறு துளிகள்.

மழை விட்டாலும் தூவானம் விடவில்லை என்பார்கள். அன்றைக்கும் மழை நின்று இடியெல்லாம் ஓய்ந்தபின் அந்த மரத்தடிக்குப் போனேன். அங்கே இன்னும் பெய்துகொண்டிருந்தது. இலையில் தங்கிய சின்னத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நுனிக்கு நகர்ந்து, தாங்க முடியாத கனம் வந்ததும் விழுந்தன. தலையில் விழுந்தது வானத்து மழையைவிடக் கனமாக இருந்தது போல் தோன்றியது. மாவுத் தட்டு விஷயத்தைப் பிற்பாடு படித்ததும், இன்னொரு மழை நாளில் இரண்டு தட்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றை மழையில் நீட்டினேன். மற்றதை மழை விட்டபின் மரத்தடியில் பிடித்தேன்.

இரண்டும் அடுத்தடுத்து மேசைமேல் காய்ந்தன. முதல் தட்டில் கடுகும் கடுகைவிடச் சிறிதுமாக நிறைய. மரத்தடித் தட்டில் ஏழெட்டுதான், ஒவ்வொன்றும் மிளகளவு. அதில் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினேன். நடுவில் இன்னும் ஈரமாக இருந்தது.